உறுமியை நிறுத்தச் சொன்ன அக்காவுக்கு

காலையில் எழுந்ததும் இன்னும் உங்களுக்குத்தான் முதலில் போன் போடத் தோன்றுகிற என் ராஜம் அக்காவுக்கு,

திருவிழா முடிந்துவிட்டது. நீங்கள் இல்லாமல் நடந்த முதல் திருவிழா. நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். முடியவில்லை.

எஸ்டேட்டை விற்று, நம்மைக் கோத்தா திங்கிக்கு வெளியே இந்தக் குடியிருப்புத் தாமானுக்கு அனுப்பியபோது மாரியம்மனும் லோரியில் நம்மோடு வந்தாள். வீட்டுக்குக் கிரான் கொடுத்தார்கள், நிலப் பட்டா. கோயில் நிலத்துக்கு மட்டும் இன்றுவரை கிரான் இல்லை. பிறகு சாக்கடைக்கு அந்தப் பக்கம் சூராவ் வந்தது, சின்னப் பள்ளிவாசல். நம் உறுமி மேளமும் அவர்களுடைய அந்திநேரப் பாங்கும் முட்டிக்கொண்டன. அந்த வருடம் பந்தலில் கல் விழுந்ததே, யார் எறிந்தது என்று உங்களுக்காவது தெரியுமா?

கோயில் செயலாளராக இருந்த நீங்கள் யார் மீதும் புகார் கொடுக்கவில்லை. சூராவில் பாங்கு சொல்லும் பிலாலின் வீட்டுக்குப் போனீர்கள். மலாயில் அக்கா என்று ‘காக்’ போட்டு நாம் கூப்பிடும் அவர் மனைவி காக் சைத்தோனோடு அடுப்படியில் உட்கார்ந்து பேசி முடித்தீர்கள். பாங்கு தொடங்கினால் உறுமி நிற்கும். திருவிழா அன்று சூராவ் வாசலில் நம் ஆட்கள் கார் நிறுத்தலாம். அவ்வளவுதான் பேச்சு.

அதைக் கெடுக்க எத்தனை பேர் வந்தார்கள், அக்கா. ஒவ்வொரு தேர்தலுக்கும் மதத்துக்கு ஆபத்து வந்துவிடும். அங்கே அவர்கள் மதத்துக்கு, இங்கே நம் மதத்துக்கு. ஓட்டு எண்ணி முடித்ததும் இரண்டு ஆபத்தும் காணாமல் போய்விடும். ஒருமுறை ஜொகூர் பாருவிலிருந்து வந்த நம் கட்சிக்காரர் கோயில் மண்டபத்தில் கூட்டம் போடக் கேட்டார்.

“இப்ப நீங்க பணிஞ்சு போனா நம்ம ஜனத்துக்கே அவமானம் லா, அக்கா.”

“நீங்க பேசிட்டுப் போயிருவீங்க தம்பி. நாங்கதான் இங்க இருக்கணும்” என்று மண்டபத்தைப் பூட்டினீர்கள். நம் ஆட்களே உங்களை விலைபோனவள் என்றார்கள். அது எவ்வளவு வலித்தது என்று என்னிடம்கூட நீங்கள் சொன்னதில்லை.

இப்போது கோயில் தலைவர் நம் எதிர்வீட்டுச் சேகர். சிங்கப்பூர் வேலைக்குத் தினமும் போய் வருகிறான். கெட்டவன் இல்லை. திருவிழாவுக்கு முந்திய கூட்டத்தில் சொன்னான்: “அக்கா போயிட்டாங்க. அவங்க பேசுனதும் அவங்களோட போச்சு. எத்தன காலத்துக்கு நாமளே நிறுத்துறது?” எல்லாரும் கைதட்டினார்கள். அவன் கேட்டதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை, அக்கா.

அன்று பாங்கு தொடங்கியது. உறுமி நிற்கவில்லை. நான் மேளக்காரர் முன்னால் போய் நின்று, “நிறுத்துங்க தம்பி” என்றேன். அவர் சேகரைப் பார்த்தார். சேகர் வேறு பக்கம் பார்த்தான். நான் நகரவில்லை. கடைசியில் நிறுத்தினார்கள். அதற்குள் பாதிப் பாங்கு முடிந்துவிட்டது. சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

மறுநாள் அந்த வீடியோவில் உறுமி அடித்த பாதி மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது. நம் தாமானைப் பார்த்தே இராதவர்கள் கோயிலை உடைக்கச் சொன்னார்கள். பதிலுக்கு நம் ஆட்கள் எழுதியதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாநிலத் தேர்தல் நெருங்குகிறது என்கிறார்கள். இரண்டு பக்கத்து அரசியல்வாதிகளும் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நம்மவரிடம் கோயில் கிரானைப் பற்றிக் கேட்டேன். “எலெக்சன் முடியட்டும்மா” என்றார்.

எனக்குச் சலித்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். காக் சைத்தோன்தான் வந்து தட்டினார். பிலால் இறந்த பிறகு சூராவில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. முட்டி வலியோடு நடந்தே வந்திருந்தார். “நீ நிறுத்துனத என் கண்ணால பார்த்தேன். வா, போலீஸ்ல போய்ச் சொல்வோம்” என்றார் மலாயில்.

போலீஸ் நிலையத்தில் இருவரும் வாக்குமூலம் கொடுத்தோம். சில நாள் கழித்து இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, பழையபடியே நடந்துகொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். கோயில் நிற்கிறது. யாரையும் கைது செய்யவில்லை. ஆனால் காக் சைத்தோனின் மகன் அவரோடு பேசுவதில்லை. சேகர் என்னைக் கண்டால் குனிந்துகொள்கிறான். இதைத்தான் இத்தனை வருடம் தனியாகச் சுமந்தீர்களா?

வருகிற ஆண்டுக்கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு நான் நிற்கப் போகிறேன். யாரும் ஓட்டுப் போடாமல் போகலாம். தோற்றாலும் அடுத்த திருவிழாவில் மேளக்காரர் பக்கத்தில் நிற்பேன் அக்கா, பாங்கு தொடங்குவதற்கு முன்பே.

உங்களுக்குப் பின் பிறந்து, உங்களைவிடச் சீக்கிரம் களைத்துப்போகிற தங்கச்சி,
பார்வதி