தூங்குமூஞ்சிக்கு வண்டிக்காரன் எழுதுவது

வில்லியனூர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் ரோஸ்லினுக்கு அப்பா எழுதுவது. மாதா துணையால் நானும் உன் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. புனேயில் நீ சுகமாகத்தான் இருக்கிறாய். டீயில் ஏலக்காய் போட்டால் உனக்குப் பிடிக்காது, உன் மேனேஜர் சொன்னதையே சொல்லி மீட்டிங்கை இழுக்கிறார், புது லேப்டாப் கீபோர்டு உன் கைக்கு ஒத்துவரவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் எழுதலாமே என்பாய். போனில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. தெருவில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை, ஸ்கூட்டர்காரர்கள் தினம் ஒருவராவது விழுகிறார்கள். மாதா கோயில் கொடியேற்றம் நெருங்கிவிட்டது. நீ வருவாய் என்று அம்மா உன் கட்டிலுக்குப் புது மெத்தை உறை தைத்து வைத்திருந்தாள். லீவு கிடைக்கவில்லை என்று நீ போன் பண்ணிய அன்று அதை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, பாவம் எம் பொண்ணு, லீவு குடுக்கலன்னா அது இன்னா பண்ணும் என்று என்னிடமே உனக்காக வக்காலத்து வாங்கினாள்.

அரியூர் காலேஜில் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை நான் வேனில் சும்மா உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரிந்ததுதான். மார்கழியில் என் போனில் சார்ஜ் நிற்காமல் போனது. செல் கடை அன்புராஜிடம் போனால், இன்னா சித்தப்பா, இதுக்குப் போயி கடைக்கு வந்துகினு, இதுல கேளு, ஆயிரம் பேரு சொல்லுவான் என்று ஒரு தமிழ் குரூப்பில் சேர்த்துவிட்டான். அங்கே யாருக்கும் யார் நம்பரும் தெரியாது, வைத்துக்கொண்ட பெயர் மட்டும்தான். எனக்கு வண்டிக்காரன் என்று போட்டுக் கொடுத்தான். நான் கேட்டதற்கு முதலில் பதில் சொன்னது தூங்குமூஞ்சி என்று ஒரு பெயர். வெளிச்சத்தக் கொறைங்க ப்ரோ, தேவையில்லாத ஆப் எல்லாம் எடுத்துடுங்க ப்ரோ என்று அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. போன் சரியான பிறகும் பேச்சு நிற்கவில்லை. எந்த ஹெட்போன் காது வலிக்காது, ஆபீஸ் கேன்டீன் சாம்பார் ஏன் இனிக்கிறது, வேனில் ஏசி போட்டால் டீசல் எவ்வளவு குடிக்கும் என்று தினமும் ஏதாவது. ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்டதில்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவன் கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொள்வேன். சிரிக்காதே.

போன வெள்ளிக்கிழமை குரூப்பில் யாரோ, ரொட்டியை எதோடு சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்கள். ஊரில் இருக்கும்போது நீட்டு ரொட்டியின் மேல்தோலை மட்டும் பிய்த்து முதல் நாள் மீன் குழம்பில் தோய்ப்பேன், உள்ளே இருப்பதை உருண்டை பிடித்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைத்துக் கடைசியில் தின்பேன் என்று தூங்குமூஞ்சி எழுதியது. உலகத்தில் அப்படித் தின்கிற ஆள் ஒருத்திதான். அதற்காக அம்மாவிடம் எத்தனை குட்டு வாங்கியிருக்கிறாய். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதமும் என் பிள்ளையோடுதான் பேசியிருக்கிறேன், சொல்லிவிடலாம் என்று எழுதப் போனேன். அதற்குள் நீ எனக்குத் தனியாக எழுதினாய். லீவு நெறைய இருக்கு ப்ரோ, ஃப்ரெண்ட்ஸோட மணாலி போறேன், வூட்ல லீவு இல்லன்னு சொல்லிட்டேன், போனா அம்மா சமைச்சுக்கினே இருக்கும், அப்பா ஒரு வார்த்த பேச மாட்டாரு, டிவியப் பாத்துக்கினு உக்காந்திருப்பாரு, செம போர் என்று.

ரோஸ்லின், நீ மணாலி போவதில் எனக்கு வருத்தம் இல்லை. சம்பாதிக்கிறாய், நாலு இடம் பார்க்கத்தான் வேண்டும். போகிறேன் என்று சொல்லியிருந்தால் நானே அம்மாவைச் சமாதானம் பண்ணியிருப்பேன். பொய் சொன்னாயே. முகம் தெரியாதவனிடம் உண்மை, பெற்றவர்களிடம் பொய். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டால் வேல இருக்குப்பா, அப்பறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். வைத்த கையோடு வண்டிக்காரனிடம் காபியா டீயா என்று ஒரு மணி நேரம் பேசுகிறாய். அப்பா பேச மாட்டார் என்று நீ யாரிடம் சொன்னாய் பார். நாலு மாதமாக உன்னோடு பேசிக்கொண்டிருந்தவனிடமே சொன்னாய். என்னை நீ ஏமாற்றிவிட்டாய் அம்மா.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நான் சொல்ல மாட்டேன், அது உன் வேலை. கடிதம் கிடைத்ததும் முதலில் அவளைக் கூப்பிடு. உனக்கு அனுப்ப என்று நேற்றுகூட மிளகாய்த்தூள் அரைத்துவந்து வைத்திருக்கிறாள். மணாலியில் குளிர் அதிகமாம், காதைக் கட்டிக்கொள், சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது ஒத்துக்கொள்ளாது. தெரியாத ஆட்களிடம் வீட்டு விஷயத்தை எல்லாம் கொட்டாதே, நானாக இருந்ததால் போயிற்று. மாதா உன்னைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவரட்டும்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் அந்தக் குரூப்பில் ஒன்றும் எழுதவில்லை. நேற்று நீ எழுதியிருந்தாய், இன்னா ப்ரோ ஆளையே காணோம், ஒடம்பு கிடம்பு சரியில்லையா என்று. அப்பாவிடம் நீ இதைக் கேட்டு ஒரு வருஷமாவது இருக்கும். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் சரியில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
இன்னாசிமுத்து