அப்பாவின் குரலும் ஒரு சிரிப்புப் படமும்

துன், சுவிஸ்

அன்பு மகள் வனேசாவுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நான் சுகம். நீயும் மருமகன் ஜோனதனும் மெல்பேர்ணில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். அப்பாவை அந்த வரியில் சேர்க்கவில்லை என்று கவனித்திருப்பாய். எழுதக் கை வரவில்லை பிள்ளை. அவருடைய தொண்டைக் கரகரப்பு ஹோட்டல் குசினியில் சமைக்கிற புகையால் வந்தது என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். அது புற்றுநோய். வருகிற வியாழக்கிழமை பேர்ண் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன், குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டுமாம். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள், ஆனால் அதற்குப் பிறகு அப்பாவுக்குக் குரல் இராது. உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் வாயால் சொல்லவில்லை, எழுதுகிறேன், மாதா மன்னிப்பா. தபாலில் போட்டால் பிந்திவிடும் என்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

போன ஞாயிறு நடந்ததைக் கேள். எங்கள் தமிழ்ப் பூசை இத்தாலிக்காரரின் கோயிலில்தானே, அவர்களுடையது முடிந்த பிறகு. அன்றைக்கு அவர்கள் மண்டபத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம் போட்டு எங்களையும் இருக்கச் சொன்னார்கள். மாமியாரிடமிருந்து தப்புவதற்காக ஒருவன் செத்தவனாக நடிக்கிற கதை. தெருவால் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற கட்டம் வந்ததும் எங்கள் சனம் அத்தனையும் எழும்பி நின்றுவிட்டது. பிரேதம் போகும்போது உட்கார்ந்திருந்து பழக்கமில்லையே, படத்தில் என்றாலும் கால் தானாக எழும்புகிறது. அதோடு விட்டிருக்கலாம். செத்த வீடுகளில் செபம் தொடங்கிவைக்கிற உன் அப்பா பழக்க தோஷத்தில் “நித்திய இளைப்பாற்றியை” என்று எடுத்துவிட்டார். அதற்கு மேல் குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. பகிடி விடுகிறார் என்று நினைத்து மண்டபம் முழுக்கச் சிரித்தது, எங்கள் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. அப்பாவும் சிரித்தபடி இருந்தார், ஆனால் பிடித்த என் கையை விடவில்லை.

கோயிலைப் பார்க்கிற ரெனாற்றோ கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மாமி அந்தப் படத்துக்கு உடுப்புத் தைத்தவவாம். படம் முடியக் கோப்பியோடு வந்து எங்களுக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தார். அந்தக் காலத்து அவர்களுடைய படங்களில் நடிப்பை முதலில் எடுத்துவிட்டுக் குரலைப் பிறகுதான் சேர்ப்பார்களாம். செத்தவனாக நடித்த பகிடிக்காரனுக்குப் படம் எடுத்து முடிவதற்குள் தொண்டையில் வருத்தம் வந்து பேச்சுப் போய்விட்டதாம். நடிப்பென்றால் என்னவென்று தெரியாத அவனுடைய தம்பி, பேக்கரியில் பாண் போடுகிறவன், வந்து குரல் கொடுத்தானாம். அண்ணன் பக்கத்தில் நின்று வாயசைத்து, எங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தானாம். நாங்கள் கேட்டுச் சிரித்ததெல்லாம் அந்தத் தம்பியின் குரல்.

அப்பாவுக்கு ஒப்பரேசனை விடப் பெரிய கவலை, பெரிய வெள்ளிக்குக் கோயிலில் பசாம் யார் படிப்பது என்பதுதான். ஆண்டவருடைய பாடுகளை அந்த இராகத்தில் இழுத்துப் படிக்க இங்கே வளர்ந்த பிள்ளைகளில் உனக்கு மட்டும்தான் தெரியும். வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நீ பசாம் படிப்பதை விட்டாய், அவரும் வீம்பில் அதன் பிறகு உன்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு வீடு வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: “வனேசா படிக்கட்டும். நான் பக்கத்திலை நிண்டு வாயசைக்கிறன்.” பிறகு, இதையும் அவளுக்குச் சொல்லாதே என்றார்.

பெரிய வெள்ளிக்கு நீ வர வேண்டும். அதற்கு முதல், புதன்கிழமைக்குள் போன் எடு. எழும்பினவுடன் அவருக்குக் கொஞ்சம் குரல் இருக்கிறது, எங்கள் காலை நேரம் பார்த்து எடு. அழாதே, வருத்தத்தைப் பற்றி ஒன்றும் கேளாதே. பசாம் படித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி முதல் அடியைப் பிழையாகப் படி. பிழையை அவரால் பொறுக்க முடியாது, உன்னை ஏசிவிட்டுத் தானே படித்துக் காட்டுவார். அதைப் பதிந்து வை. நான் குசினிக் கதவடியில் நின்று கேட்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாதாவின் காவல் உங்கள் இருவரோடும் இருக்கட்டும். சரியாகப் படித்துவிடாதே பிள்ளை, மறந்துவிடாதே.

உன் அம்மா,
பெர்னடெற் றெஜினோல்ட்