ஏழாம் தாளில் நேராக நின்ற சுவர்

பாச்சை உருண்டை வாசனை கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் ஆயிற்று. நேற்று மத்தியானம் உன் தம்பி வண்டியில் இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் இறக்கினான். "அக்கா, காலேஜ் ரூம காலி பண்ணப்ப கொண்டாந்தது. பரண்லயே கெடந்துது. எல்லாம் வீடு அளந்த நோட்டு, பாதி உங்க எழுத்து. எங்களுக்கு இன்னா புரியும், நீங்களே வெச்சுக்குங்க" என்றான். காபி போடுகிறேன், இரு என்றேன். கடையில் ஆள் இல்லை என்று போய்விட்டான்.

வருகிற ஆடியோடு நீ போய் ஒரு வருஷம். இத்தனை நாளும் ஒரே ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்: அந்த மேற்குச் சுவரைத் தப்பாக வரைந்தது நான் என்பது உனக்குத் தெரியாது, தெரியாமலே போய்ச் சேர்ந்தாய் என்று. நேற்றோடு அதுவும் போயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். படிக்க ஆள் இல்லாத கடிதத்தில்தான் எனக்குத் தைரியம் வருகிறது, என்ன செய்ய.

நீ ஒருத்தி மூன்று ஆள் வேலை பார்த்தாய். விடிந்ததும் பஸ் ஏறிக் காலேஜுக்குப் போய்க் கட்டடக்கலைப் பாடம் நடத்துவாய். சாயங்காலம் திரும்பி வந்து, பஜாரில் உங்கள் நைனாவின் மளிகைக் கடைக்கு மேலே இருந்த நம் ஆபீஸில் பிளான் போட உட்காருவாய். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பஜார்த் தெருவில் ஏதாவது ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்து அளக்க ஆரம்பித்துவிடுவாய். அதுதான் உன் ஆராய்ச்சி. செஞ்சியில் இருந்துகொண்டு கோட்டையை விட்டுவிட்டு அரிசி மண்டியை அளக்கிறாயே என்று உன் காலேஜில் சிரித்தார்கள். "மேல ராஜா இல்ல. கீழ கடை இருக்குது. இருக்கிறவங்க வீட்டத்தாண்டி அளக்கணும்" என்பாய் என்னிடம்.

உன் துறைத் தலைவர் உன்னைக் கூப்பிட்டு, "ஏதாவது ஒண்ணுல நில்லுங்க மேடம்" என்று சொன்ன அன்று நானும் அவர் பக்கம்தான் பேசினேன். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்றேன். நீ விடவில்லை. "ஒரே மரத்தப் பாத்தவனுக்கு அது தேக்கா வேலமரமான்னே தெரியாது. கட்டாதவ சொல்லிக் குடுக்கக் கூடாது, அளக்காதவ கட்டக் கூடாது. போடி வேலையப் பாரு" என்றாய்.

எனக்கு உன்மேல் பொறாமை இருந்தது. இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் வல்லத்துக்காரி. மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கக் கூலிக்குப் போன வீட்டிலிருந்து முதன்முதலாகக் காலேஜ் வாசல் மிதித்தவள். படிக்கிற காலத்திலேயே நீ எனக்கு "வல்லம்" என்று பேர் வைத்தாய், நான் உன்னைக் "கடைக்காரி" என்றேன். ஆபீஸ் போர்டில் என் பெயரைத்தான் முதலில் எழுத வைத்தாய். இருந்தாலும் சென்னையில் மேடையேறிப் பேசுவது நீ, சைட்டில் நின்று கொத்தனாரோடு கத்துவது நான். ஊர் மெச்சுவதெல்லாம் உனக்கு, சிமெண்டுத் தூசி எனக்கு என்று ஒருநாள் உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ சிரித்துவிட்டு எனக்குச் சுக்குக் காபி வாங்கி வரச் சொல்லிக் கடைக்கு ஆள் அனுப்பினாய்.

பஜார்த் தெருவில் அந்த அரிசி மண்டிக்காரர் வீட்டை அளந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? நீ ஏணியில் ஏறி, மேற்குச் சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி அளவு சொன்னாய், நான் கீழே நோட்டில் எழுதினேன். சுவர் மேலே போகப் போக மெலிந்து, சந்துப் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு மாணவி, "மேடம், இத ஸ்ட்ரெய்ட்டாவே போட்டுடலாமா, மூணு இஞ்ச்தானே" என்றாள். ஏணியிலிருந்தே திட்டினாய். "வளைஞ்சத வளைஞ்சாப்பலயே போடு. நேராக்கறது நம்ம வேலை இல்ல" என்றாய். அந்தப் பெண் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டது. எழுதிக்கொள்ளாதவள் நான்தான்.

உன் கட்டுரைக்காக அந்த வீட்டை ஒன்பது தாள்களில் நான்தான் வரைந்து கொடுத்தேன். கம்ப்யூட்டரில் சுவர் போடுவது சுலபம். ஒரு கோடு போட்டுக் கனத்தைத் தட்டினால் இன்னொரு கோடு பக்கத்தில் தானாக வந்து நிற்கும், அடியிலிருந்து நுனிவரை ஒரே கனமாக. சாய்ந்து மெலிகிற சுவருக்கு அது ஆகாது, ஒவ்வொரு புள்ளியாக வைக்க வேண்டும். அன்று எனக்குச் சலிப்பு. உன் பெயரில் வரப்போகிற கட்டுரைக்கு நான் எதற்குப் புள்ளி வைத்துச் சாக வேண்டும் என்ற எரிச்சலும்கூட. ஒன்றரை அடி என்று தட்டினேன். ஏழாம் தாளில் சுவர் நேராக எழுந்து நின்றது. நீ பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் கையெழுத்துப் போட்டாய்.

இரண்டு வருஷம் கழித்து அதே மண்டிக்காரர், மகனுக்குக் கல்யாணம், மாடி எடுக்கணும் என்று நம்மிடம் வந்தார். எப்போது அளக்க வருவீர்கள் என்று கேட்டார். "உங்க வீடு முழுக்க எங்க கம்ப்யூட்டர்ல இருக்குது சார்" என்றேன் நான். உனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா வல்லம், ஆராய்ச்சி சைட்டுக்கு வந்துட்டுது. சைட்டுக்குப் பசங்களக் கூட்டியாந்தா அதுவே கிளாஸு" என்றாய். உன் மூன்று வேலையும் ஒன்று சேர்ந்த நாள் அது. அந்த ஏழாம் தாளை வைத்துத்தான் நான் மாடிக்குத் தளம் போட்டேன். எஞ்சினியரும் அதைத்தான் நம்பினார்.

தளத்துக்கு முட்டாக நின்ற சென்ட்ரிங் பலகையைப் பிரித்த அன்று காலை, மேலே மெலிந்திருந்த மேற்குச் சுவர் பாரம் தாங்காமல் தளத்தோடு சந்துப் பக்கம் சரிந்தது. சந்தில் மணல் சலித்துக்கொண்டிருந்தாள் முனியம்மா, அவலூர்பேட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற சித்தாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சுவரை நேராக வரைந்ததை மறந்துவிட்டேன் என்று ஊருக்குச் சொல்லலாம், உனக்குச் சொல்ல முடியாது. சுவர் விழுந்த சத்தத்திலேயே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் ஸ்டேஷனில் அந்தத் தாளைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார்கள். "என்னுது சார். நான் அளந்தது, நான் கையெழுத்துப் போட்டது" என்றாய். நான் உனக்குப் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வீட்டில் என் சம்பாத்தியத்தை நம்பி ஐந்து பேர் என்று நினைத்தேன், இவளுக்கென்ன, கடை இருக்கிறது என்றும் நினைத்தேன். வெளியே வந்ததும் நீ என்னைப் பார்த்து, "சாப்டியா?" என்றாய்.

காலேஜில் உன்னிடமே ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். போர்டிலிருந்து உன் பெயரை நீயே எடுக்கச் சொன்னாய், என் பெயர் கெடக் கூடாதாம். அத்தனை படித்தவள் இரண்டு வருஷம் நைனா கடையில் புளி நிறுத்துக் கட்டிக்கொண்டிருந்தாய். அளவு நாடாவை அதற்குப் பிறகு நீ தொடவில்லை என்று உன் தம்பி சொன்னான். கடைக்கு மேலே ஆபீஸுக்குப் போக வேண்டுமென்றால் உன்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் ஆபீஸையே திண்டிவனம் ரோட்டுக்கு மாற்றிக்கொண்டேன். எப்போதாவது எதிர்ப்பட்டால், "சைட்டெல்லாம் எப்டி போவுது?" என்பாய். நல்லா போவுது என்பேன். போன ஆடியில் ஒரு காலை நீ எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

நேற்று பெட்டியில் அந்த வீட்டின் நோட்டு இருந்தது. மேற்குச் சுவர்ப் பக்கத்தில் என் எழுத்து: கீழே ஒன்றரை அடி, மேலே ஒரு அடி ஒரு அங்குலம், வெளிச் சாய்வு மூன்று அங்குலம். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே சிவப்புப் பென்சிலில் உன் எழுத்து: "தாள் ஏழில் நேராகப் போயிருக்கிறது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். என் தப்பு." பக்கத்தில் தேதி, சுவர் விழுந்த அன்றைய தேதி. ஸ்டேஷனுக்கு நாம் போனது மறுநாள்.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் "என்னுது சார்" என்றிருக்கிறாய். தெரிந்துகொண்டுதான் சாப்டியா என்று கேட்டிருக்கிறாய். ஏண்டி என்னைக் கேட்கவில்லை? நானே வந்து சொல்வேன் என்று இரண்டு வருஷம் அந்தக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாயா? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன். இல்லை, அதுவும் பொய்யாக இருக்கலாம். என்னை எனக்கே நம்பிக்கையில்லை.

இன்று காலை அவலூர்பேட்டைக்குப் போனேன். முனியம்மா வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கட்டைக்கால் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. தப்பாக வரைந்தது நான், அந்த அம்மா இல்லை என்று சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"யாரு போட்ட கோடா இருந்தா எனக்கின்னா, எஞ்சினியரம்மா. கால் போனது போனதுதான்" என்றாள். உரித்த தோலை ஒதுக்கிவிட்டு, "அந்தம்மா மாசம் ஒரு தபா வருவாங்க. ஒண்ணும் பேச மாட்டாங்க. இங்கியேதான் ஒக்காந்துக்குனு இருப்பாங்க. ஒரு வாய் சோறு துன்னுங்கன்னா, எறங்கலன்னுவாங்க" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி, "இத அவங்களாண்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்ல. அவங்களாவது துன்னுருப்பாங்க."

உனக்கு இன்னொன்று தெரியாது. ஆள் கிடைக்காமல் உன் காலேஜில் என்னைக் கூப்பிட்டார்கள், வாரம் இரண்டு நாள் போகிறேன். உன் வகுப்பு, உன் பஜார் ஆராய்ச்சி, நம் ஆபீஸ், மூன்றும் இப்போது என் தலையில். நீ விரும்பிச் சுமந்ததை நான் உன் இடத்தில் நின்று சுமக்கிறேன். நாளைக்கு வகுப்பு இருக்கிறது. பிள்ளைகளிடம் நடந்ததையெல்லாம் சொல்லலாம், துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கலாம், உன் நைனா காலைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம். சொல்லத்தான் போகிறேன். ஆனால் சோறு இறங்காமல் இருந்தவள் நீ. உனக்குச் சொல்லாததை இனி நான் ஊருக்கெல்லாம் சொன்னாலும் உனக்கு ஒரு வாய் இறங்காது.