என் மணிக்கட்டில் உன் கரப்பான்

அரிப்பு ஓய்ந்து கலகெதர மண்ணில் படுத்திருக்கும் என் அன்பு ராத்தாவுக்கு,

உன் மீது ஸலாம் உண்டாகட்டும். கூடப் பிறந்த தங்கச்சி எழுதுகிறேன். உன் மகள் ஹாஜராவுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வத்தேகமப் பக்கம், சொந்தக் கடை வைத்திருக்கிறார். இந்த நல்ல செய்தியோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வரவேண்டும்.

பதினைந்து வயதில் உன்னைப் பிடித்த தோல் வியாதி அந்தக் கரப்பான். மழைக்கு முன் வானம் மூடிக்கொண்டு, காற்று நின்று, உடம்பெல்லாம் கசகசக்கும் பகல்களில் நீ பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இடது மணிக்கட்டில் பிறை மாதிரி ஒரு சிவப்பு, பிடரியில் இன்னொன்று. வேர்வை பட்டால் எரியும், எரிந்தால் சொறிவாய், சொறிந்தால் நீர் வடியும். உம்மா வேப்பிலை அவித்து ஊற்றினார். கூனி இறாலும் கத்தரிக்காயும் கரப்பான் பண்டம் என்று உன் கண்ணிலேயே காட்டவில்லை. உனக்கு முன்னால் இருந்து நான் இறால் தின்றதை நீ இன்னும் மன்னிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உன் கலியாணத்துக்குப் பிறகு மச்சானும் நானும் உன்னைக் கண்டிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் அந்தச் சிவப்பில் ஊசியால் குத்திப் பார்த்தார். நீ போட்ட சத்தத்தில் வெளியே நின்ற மச்சான் உள்ளே ஓடிவந்தார். டாக்டர் சிரித்தார். "குஷ்டம் என்றால் குத்துறது தெரியாது. இது கரப்பான். யாருக்கும் ஒட்டாது" என்றார். நமக்கு அது போதும். ஊருக்குப் போதவில்லை. இந்தப் புழுக்கத்தில் கைநீளச் சட்டை போட்டு எதை மறைக்கிறாள் என்று பேசிப் பேசி, குஷ்டம்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து நீ இன்னும் மறைத்தாய்.

காய்ச்சல் பரவிய வருஷம் நீயும் படுத்தாய். கரப்பான் உன்னைக் கொல்லவில்லை, காய்ச்சல்தான் கொண்டுபோனது. கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"என்ட ஒடம்ப வேறாருக்கும் காட்டாத. நீயே குளிப்பாட்டு. கண்டத ஆருக்கிட்டயும் செல்லாத."

வாக்குக் கொடுத்தேன். மையித்தைக் குளிப்பாட்டுகிறவள் அந்த உடம்பில் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது நமக்கு முறையும்கூட. வழமையாகக் குளிப்பாட்ட வரும் பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். பார்வை போயிருந்த உம்மா தண்ணீர் ஊற்ற, நான் தனியாக உன்னைக் கழுவினேன். கண்டதை இந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியது என் மடத்தனம். மறைக்க ஒன்றும் இல்லாவிட்டால் எதற்கு அனுப்பினாள் என்று ஊர் பிடித்துக்கொண்டது. ஹாஜராவைக் கேட்டு வந்த இரண்டு இடமும் அதனாலேயே தட்டிப்போயின.

மச்சானும் உனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்ததால், ஹாஜராவைப் பார்த்துக்கொள்ள நான் உன் வீட்டுக்கே குடிவந்தேன். உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்த மறுநாள் என் இடது மணிக்கட்டு அரித்தது. இரண்டு நாளில் பிறை வந்துவிட்டது. பிறகு பிடரி. நாற்பது வயதுவரை ஒரு கொசுக்கடிகூட எனக்குத் தடித்ததில்லை, ராத்தா. உன் கைநீளச் சட்டைகளை அலுமாரியிலிருந்து எடுத்து நானே போட்டுக்கொண்டேன். அவை எனக்குச் சரியாக இருந்தது எப்படி? நீ என்னைவிட ஒரு சாண் உயரம் அல்லவா?

குசினிக் கதவு நிலையில் நீ பிடரியைத் தேய்த்துத் தேய்த்து மழுங்கிப்போன இடம் ஒன்று இருக்கிறதே. ஒரு மத்தியானம் அரிப்புத் தாங்காமல், கண்ணை மூடிக்கொண்டு அதில் சாய்ந்து தேய்த்தேன். அந்த மழுங்கல் என் பிடரியில் அப்படியே பொருந்தியது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நின்று பார்த்துவிட்டேன். நுனிக்காலில் நின்றாலும் என் பிடரி அந்த இடத்துக்கு எட்டவில்லை.

அன்றைக்கே கிணற்றடியிலிருந்து வந்த ஹாஜரா, திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "உம்மா, சொறியாதீங்க, புண்ணாகும்" என்றாள். பழக்கத்தில் வந்த சொல். திரையை விலக்கி என் முகத்தைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். உன்னை நினைத்தா, பயத்திலா?

போன கிழமை மாப்பிள்ளையின் உம்மா வந்தார். உச்சிப்பகல். வானம் மூடிக்கொண்டு ஓர் இலை அசையவில்லை. ஹாஜரா தேத்தண்ணி வைத்துவிட்டுத் திரையோரம் போய் நின்றாள். வந்தவர் கோப்பையைத் தொடவில்லை.

"கோவிச்சிக்காதீங்க. ராத்தாட மையித்த நீங்கதானே குளிப்பாட்டினீங்க? ஒடம்புல என்ன ஈந்திச்சி? செல்லுங்க."

"எனக்கி செல்லேலா."

"அப்ப இந்தப் பேச்ச இதோட விட்டுடுவோம்."

அவர் எழுந்துவிட்டார். ஹாஜராவின் முகம் செத்துப்போனது. ஒரு சொல்லில் அவள் வாழ்க்கையைக் காப்பாற்றியிருக்கலாம், அந்தச் சொல்லை நீ என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போயிருந்தாய். உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சர், சர் என்று, குசினிக் கதவு நிலையிலிருந்து. என் இரண்டு கையும் மடியில் இருந்தன. ஹாஜரா என் கண்முன் நின்றாள்.

"ஆரு உள்ளுக்கு?" என்றார் அவர்.

"ஆருமில்ல."

என் மணிக்கட்டு நெருப்பாக எரிந்தது. நீ சொல்ல வந்தது எனக்கு விளங்கிவிட்டது. சட்டைக் கையை முழங்கைவரை மடித்தேன். முக்காட்டு ஊசியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

"ராத்தாட கத எனக்கி செல்லேலா. இது என்ட கை. என்ட கரப்பான். குத்திப் பாருங்க."

தயங்கித் தயங்கிக் குத்தினார். நான் போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. பொட்டு இரத்தம் வந்தது. அவர் ஊசியைத் துடைத்து என் கையில் திருப்பித் தந்தார்.

"ஒரு வகுத்துல பொறந்த புள்ளகள்தானே" என்றார் மெதுவாக. பிறகு உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

நான் என் வாக்கை மீறவில்லை, ராத்தா. உன் உடம்பைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

அன்றோடு அந்தச் சத்தம் நின்றது. பிறையும் நாளுக்கு நாள் மங்கி, நேற்று முழுதாகப் போய்விட்டது. ஊசி குத்திய புள்ளி மட்டும் இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் என்னை விட்டு நீ எங்கே போனாய்? இன்று காலை கிணற்றடியில் ஹாஜராவின் இடது கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தேன்.

"என்ன சாச்சி தேடுறீங்க?"

"ஒன்டுமில்ல மவள்."

ஒன்றும் இல்லைதான். நாளைக்கும் பார்ப்பேன்.

கேட்க வந்தது இதுதான். அவளிடம் மட்டும் போகாதே. அவள் வாழப்போகிறவள். என்னிடமே திரும்பி வா. உன் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். வேப்பிலை அவிப்பதை நிறுத்திவிட்டேன். நேற்றிலிருந்து மூன்று வேளையும் கூனி இறாலும் கத்தரிக்காயும் தின்றுகொண்டிருக்கிறேன். வானம் மூடும் ஒவ்வொரு பகலும் கையை மடித்துவிட்டுக்கொண்டு அந்த நிலையடியில் வந்து நிற்பேன். இது நான் உனக்குத் தரும் இரண்டாவது வாக்கு. முதல் வாக்கைக் காப்பாற்றியவள் இதையும் காப்பாற்றுவாள்.

உன்னைக் கழுவிய கையால் எழுதும்,
உன் தங்கச்சி