சாலையைப் பார்த்தபடி தூங்கியவருக்கு

ஏனுங்க,

இன்று காலை சேலத்தில் ஆய்வகக் கதவைத் திறந்ததும் தேங்காயெண்ணெயும் பாக்கெட் ஷாம்பூவும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உள்ளே கைகழுவும் தொட்டியில் ஒரு லாரி டிரைவர் குனிந்து நிற்க, என் மாணவி அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நேத்தே சொன்னேன் மேடம், எண்ணெ வெக்காம வாங்கன்னு. வழிய வழிய வெச்சுட்டு வந்திருக்காருங்க" என்று முறையிட்டாள். அவர் குனிந்தபடியே, "பெரிய எடத்துக்குப் போறமேன்னு வெச்சனுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அது சிரிப்பாகவே நிற்கவில்லை. நீங்கள் போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

நமக்குக் கல்யாணமான புதிதில், லாரிக்காரனுக்கும் டாக்டரம்மாவுக்கும் எப்படி ஒத்துப்போகும் என்று ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் பேசினார்கள். நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்பது அவர்களில் பாதிப் பேருக்கு இன்றுவரை புரியவில்லை. நீங்கள்தான் உட்கார்ந்து கேட்டீர்கள். மூளையில் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து துடிக்கும், அந்தத் துடிப்பு மெல்லிய மின்அலையாக மண்டையோட்டுக்கு வெளியே வரும், தலையில் சின்னச் சின்ன உலோக வில்லைகளை ஒட்டி அதைப் பதிவு செய்யலாம், எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்து துடிக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை என்றேன்.

"அப்ப மண்டைக்குள்ள கும்மியடிக்கறாங்கங்கற" என்றீர்கள்.

ஆமாம், கும்மிதான் என்றேன். தூக்கம் வருகிறபோது முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் தட்டு தப்பும். அது தப்புகிற நேரத்தைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்குத் தூக்கத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் வேண்டும் என்றேன். "நாமக்கல்லுல உக்காந்துட்டு அதுக்கு ரோசனை பண்றயா அம்மிணி? டிரைவருக்கா பஞ்சம்?" என்று அடுத்த வாரமே ஆறேழு பேரைக் கூட்டி வந்து நிறுத்தினீர்கள்.

எல்லோரும் பெண் பார்க்கப் போகிறவர்களைப் போல எண்ணெய் வைத்துப் படியச் சீவியிருந்தார்கள். தலையில மிசின் வெக்கறாங்க, சுத்தபத்தமா வாங்கடா என்று நீங்கள் சொன்ன சொல்லுக்கு அவர்கள் செய்த மரியாதை அது. ஒட்டிய வில்லையெல்லாம் வழுக்கிக்கொண்டு காதுக்கு இறங்கியது. நான் உங்களைக் கரித்துக்கொட்டினேன். நீங்கள் அசரவில்லை. அத்தனை பேரையும் லாரி கழுவுகிற வாட்டர் சர்வீஸுக்கு ஓட்டிப்போய், ஆளுக்கொரு பாக்கெட் ஷாம்பூ கிழித்துக் கொடுத்துக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தீர்கள்.

அதில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மிரண்டுபோய், "ஏனுங்கக்கா, இதுல நெனக்கறதெல்லாம் தெரிஞ்சுருமுங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "தெரிஞ்சா இத்தன நாளு இந்தம்மாகூட நான் குடித்தனம் பண்ணியிருக்க முடியுமாடா?" அன்றைய பதிவு முழுக்கச் சிரிப்பின் குலுக்கல்தான் இருந்தது. ஒன்றுக்கும் உதவவில்லை.

இன்னொரு நாள், வருவதாகச் சொன்ன ஒருவருக்கு லோடு கிடைத்துவிட்டது. என்னை அழைத்துப்போக வந்த நீங்கள், சும்மா கெடக்கற மிசினுக்கு நானே ஒக்கார்றேன் என்று உட்கார்ந்தீர்கள். எதிரே திரையில் சாலை ஓடும், கையில் ஸ்டியரிங், ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் சோதனை. கொஞ்ச நேரம் போயிருக்கும். விளக்கு எரிந்து அணைந்தது. உங்கள் விரல் அசையவில்லை. கண் திறந்தே இருந்தது, சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் என் முன்னால் ஓடிய கோடுகளில் விழித்திருப்பவரின் வேக அலை போய், தூங்குகிறவரின் சோம்பல் அலை வந்திருந்தது. சில நொடிகளில் திரும்பி வந்தீர்கள். மறுபடியும் போனீர்கள். இரண்டு தடவையும் நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நீங்களோ எழுந்ததும், "பாத்தியா, கண்ணு அசரல" என்று மீசையைத் தடவினீர்கள்.

மறுநாள் உங்களுக்கு வடக்கே லோடு. அன்றைக்கே சொல்லியாக வேண்டும். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"நாளைக்கு வண்டி எடுக்க வேண்டாமுங்க."

"ஏன், நாளு நல்லால்லியா?"

"நீங்க கண்ணைத் தொறந்துட்டே தூங்கறீங்க."

முதலில் சிரித்தீர்கள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இத்தன வருசத்துல ஒரு ஆட்டுக்குட்டிய அடிச்சதில்ல. உன்ற மிசினுக்கு ரோடு தெரியுமா?" என்றீர்கள்.

"ரோடு தெரியாது. உங்க மண்டை தெரியும்" என்றேன். எனக்கும் வாய் சும்மா இருக்காதே.

லோடை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, வம்படியாக ஒரு பகலும் இரவும் தூங்கி எழுந்து, கடுங்காப்பி குடித்து, "இப்ப வெய்யி பாக்கலாம்" என்று வந்து உட்கார்ந்தீர்கள். நீங்கள் ஜெயிக்க வேண்டும், என் கணக்கு தப்பாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வில்லைகளை ஒட்டினேன். என் ஆராய்ச்சி பொய்யாக வேண்டும் என்று நான் கும்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். தப்பாகவில்லை. நீங்கள் நம்பவில்லை என்பதால் உங்கள் முகத்தைப் பிடித்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். விளக்கு எரிகிறது, கண் திறந்திருக்கிறது, விரல் கிடந்தபடி கிடக்கிறது. திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தீர்கள்.

"ஆளே அங்க இல்லியே அம்மிணி" என்றீர்கள். பிறகு சட்டைப்பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து என் மேசையில் வைத்தீர்கள்.

டாக்டரிடம் போனோம். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது என்றார். வைத்தியத்தில் குறட்டை குறைந்தது, ஆனால் நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம் என்றுதான் அவரும் சொன்னார். சொந்த வண்டிக்கு வேறு டிரைவர் போட்டுவிட்டு நீங்கள் சேலத்திலேயே ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். வண்டி ஊருக்கு வந்தால் போய் டயரைத் தட்டிப் பார்ப்பீர்கள், கேபினில் ஏறிச் சும்மா உட்கார்ந்துவிட்டு இறங்குவீர்கள். என்னோடு பேச்சு குறைந்தது. சாப்பாடு ஆச்சா, கரண்டு பில் கட்டியாச்சா, அவ்வளவுதான்.

அதே சமயத்தில்தான் என் பெயர் வெளியே தெரிய ஆரம்பித்தது. கண் மூடுவதற்கு முன்பே மூளையின் முன்பக்கமும் பின்பக்கமும் தொடர்பு தளர்ந்துபோகிறது என்று நான் எழுதிய கட்டுரையில் உங்கள் மூளை அலையின் படம்தான் முதல் படம். கேட்டதற்கு, "போட்டுக்க. பேர மட்டும் போட்றாத" என்றீர்கள். அதைத் திரையில் காட்டிப் பேசிய இடத்திலெல்லாம் கைதட்டினார்கள். எனக்கு மேடை கிடைத்தது, உங்களுக்கு நாற்காலி. அதை நினைத்து மாநாட்டு விடுதிகளில் அழுதிருக்கிறேன். சொன்னது தப்பு என்று மட்டும் ஒருபோதும் நினைத்ததில்லை. உங்களோடு ஓட்டிய இரண்டு பேர் சாலை விபத்தில் போனார்கள். நீங்கள் நம் வீட்டுக் கட்டிலில், என் கை பக்கத்தில் இருக்கும்போதே போனீர்கள். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு. ஆனால் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று தெரியாமல்தான் பல வருடம் கிடந்தேன்.

கார் ஓட்ட எனக்கு நீங்கள்தான் பழக்கினீர்கள். நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு நான் ஓட்டுவேன், நீங்கள் பக்கத்தில். வாய் சும்மா இருந்தாலும் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டேயிருக்கும். லாரிக்காரர்கள் அடுத்தவர் ஓட்டும்போது தூங்க மாட்டார்கள். பக்கத்தில் தூங்கினால் ஓட்டுகிறவரையும் அது தொத்திக்கொள்ளும் என்பார்கள். அதைவிட, அடுத்தவர் கையை நம்ப மனசு வராது.

ஒரு சாயங்காலம் வீடு திரும்பும்போது, புதுச்சத்திரம் நெருங்குகையில் உங்கள் பேச்சு பாதியில் நின்றது. கோபமோ என்று திரும்பிப் பார்த்தேன். இருக்கையில் சாய்ந்து, இரண்டு கண்ணையும் நன்றாக மூடி, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கால் பிரேக்கைத் தேடவில்லை. நான் பாட்டை அணைத்தேன். ஊருக்குள் திரும்பும் வேகத்தடையில், வண்டியில் முட்டை லோடு இருப்பதைப் போல ஏற்றி இறக்கினேன். கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் தினமும் அந்த இடத்தில் நீங்கள் தூங்கினீர்கள்.

இன்று மாலையும் அதே வழியாகத்தான் வந்தேன். அந்த வேகத்தடையில் கால் தானாக மெதுவாகிவிடுகிறது. பின்னால் வந்தவன் விடாமல் ஹாரன் அடித்தான். அடிச்சுக்கட்டும், அவனுக்கு என்ன அவசரமோ. நீங்க தூங்குங்க.