துண்டுக்கு அடியில் ஐந்து விரல்

ஆரணி,
17.8.1998

அன்புள்ள சுகன்யா அக்காவுக்கு,

தம்பி தீனா எழுதிக்கொள்வது. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேற்று மதியத்திலிருந்து குமட்டிக்கொண்டே இருக்கிறது. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். ஓமம் வயிற்றுக்குத்தான் மருந்து. எனக்கு வந்தது கண்வழி போன கோளாறு.

உனக்கு வேலை தருவதாகக் கடிதம் போட்டிருந்தார்களே, அந்தச் செய்யாறு கம்பெனியிலிருந்து ஸ்போர்ட்ஸ் ஆபீசர் வந்திருந்தான். செருப்போடு தறி வரைக்கும் நடந்து, பாவு நூலுக்குப் பக்கத்திலேயே வெற்றிலை எச்சிலைத் துப்பினான். வேறு யாராவது என்றால் அப்பா ஊரைக் கூட்டியிருப்பார். நேற்று அவரே குனிந்து துடைத்தார். அதைப் பார்த்ததும் ஆரம்பித்ததுதான் குமட்டல்.

நீ நானூறு மீட்டரில் கப் வாங்கிய போட்டோவைக் கேட்டான். முகத்தைப் பார்க்கவே இல்லை. கால் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். கணுக்கால் எப்பவாவது பிசகியிருக்கிறதா, வீட்டில் யாருக்காவது மூட்டுவலி உண்டா என்று விசாரணை. நான் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, காபி பேஷாக இருக்கிறது என்றான். உப்பும் சர்க்கரையும் தெரியாதவன், அக்கா, உன் ஓட்டத்தை என்ன கண்டான்?

பிறகுதான் அசல் கூத்து. அவன் ஏழு வருஷ ஒப்பந்தம் கேட்டான், அப்பா மூன்று என்றார். அப்பாவின் சிநேகிதர், சேவூர் மாட்டுத் தரகர் துரைக்கண்ணு மாமா, பேஜார் பண்ணாதீங்க என்று சொல்லித் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கையையும் மூடினார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவார்களே, விரலைப் பிடித்து, அதேதான். துண்டு அப்படியும் இப்படியும் நெளிந்தது. ஐந்து விரலில் நின்றது. "அஞ்சுக்கு முடிஞ்சிதுபா" என்றார் மாமா. அம்மா கேசரி கொண்டுவந்தாள்.

ஐந்து வருஷமும் நீ அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் ஓட வேண்டும். உன் கோச் சேரச் சொன்ன பெங்களூரு பயிற்சி முகாம் உட்பட வேறு எந்த முகாமுக்கும் போகக் கூடாது. கல்யாணமும் கூடாது. அதற்குப் பதில் நிரந்தர வேலை, பஸ் பாஸ், கேன்டீன் சாப்பாடு. பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லையா மாமா என்று கேட்டேன். "உங்க அக்கா இங்க இருந்தா அதையும் பாத்துருப்போம்டா" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பத்தாவது முடித்ததும் ஒரு ஷிப்ட் வேலை உண்டு என்றான் ஆபீசர். அதைக் கேட்டு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் துப்ப முடியவில்லை.

அப்பாவை வில்லனாக்கிவிடாதே. ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "பெங்களூரு முகாம்ல ஆறு மாசம் பாத்துட்டு வேணாம்னு அனுப்பிட்டா? கால் ஒடஞ்சா அந்தக் கோச்சா வந்து சோறு போடுவாரு?" கேட்டது நியாயம்தான். நீ போய் ஜெயிப்பாய் என்று சத்தியம் பண்ண நான் ஜோசியனும் இல்லை. ஆனால் கம்பெனியா முகாமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியது நீ. துண்டு அல்ல.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை நீ பெங்களூருக்கு ரயில் ஏறப் போகிறாய் என்று இவர்களுக்குத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை காலை உன் ஹாஸ்டலுக்கு ஒரு தந்தி வரும். அப்பா கவலைக்கிடம், உடனே புறப்படு என்று இருக்கும். நீ அலறிக்கொண்டு வந்து நிற்பாய், ஆபீசர் பேப்பரோடு உட்கார்ந்திருப்பான். புளுகுவதில் நான்தான் கெட்டிக்காரன் என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "இன்னும் கொஞ்சம் பயமா எழுதுடா" என்று அப்பாவே திருத்தினார், தன் சாவுச் செய்தியை. அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பொய் பலித்துவிடக் கூடாது என்று மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்தில் மாட்டினாள். பாவத்துக்கு அட்வான்ஸ் புக்கிங்.

அப்பா நன்றாக இருக்கிறார். இன்று காலை ஏழு இட்லி.

நான் உன்னிடம் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. நான் கிணற்றில் விழுந்ததாகச் சொல்லிப் பாதிப் பரீட்சையில் உன்னை ஓடிவர வைத்தவனும் நான்தான். அதனால் இதை நீ ஏன் நம்ப வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. நம்பு. கம்பெனிதான் சரி என்று உனக்கே தோன்றினால் நிதானமாக வந்து, நீயே படித்து, நீயே கையெழுத்துப் போடு. பயந்து மட்டும் வராதே. அப்பாவுக்கு உண்மையிலேயே ஏதாவது என்றால் தந்தி வராது, அக்கா. நானே பஸ் ஏறி வந்து உன் முன்னால் நிற்பேன். நான் வராத வரைக்கும் இங்கே எல்லோரும் நலம்.

இப்படிக்கு,
நீ வந்தால் முதலில் சந்தோஷப்படப்போகிற தம்பி,
அ. தீனா