விளக்குக்காரி வரும் ஐந்து அத்தியாயங்கள்

அன்புள்ள பென்சிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நால்வரும் சுகம். உன் சுகத்தை நீதான் சொல்லவேண்டும். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். 'அத்தைக்கு இந்த வயசுல வீடியோ கேம் பைத்தியம் பிடிச்சிருக்கு' என்று உன் அண்ணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்கும் சொல்லியிருப்பாள். எனக்கு ஒரு பைத்தியமும் இல்லை. கேம் விற்கிற கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போனது உண்மை. விளையாட அல்ல, ஒரு கேள்வி கேட்க.

உன் மூன்றாவது நாவல் வந்து சேர்ந்தது. ஒரு வீடியோ கேமின் உலகத்தை வைத்து நாவல் எழுதுகிறேன் என்று நீ முதலில் சொன்னபோது, அடுத்தவர் கட்டிய வீட்டில் குடியிருப்பது என்ன பெருமை என்று கேட்டேன். இப்போது நியாயமாகச் சொல்கிறேன், அதில் நன்மை உண்டு. கோட்டையும் கப்பலும் தயாராக இருக்கின்றன, வாசகர்கள் அவற்றில் நடந்து பழகியவர்கள், நீ நேரே கதைக்குள் போய்விடலாம். புத்தகம் என்றாலே ஓடுகிற உன் அண்ணன் மகள்கூட முதல் இரண்டையும் படித்துவிட்டாள். குறை என்னவென்றால், யாருக்கும் ஒன்றும் ஆகாது. அடுத்த விளையாட்டுக்கும் கதாநாயகர் தளபதி வேண்டும் என்று கேம் கம்பெனி சொல்லிவிடுவதால், எத்தனை தீயில் விழுந்தாலும் அவர் தாடி கருகாமல் எழுந்து வருகிறார். அதைக் கேலி செய்து உனக்கு எழுதியவள், இப்போது அந்தக் குறைக்காக ஏங்குகிறேன். இந்த முறை நீ துறைமுகத்து விளக்கைப் பார்த்துக்கொள்ள ஒருத்தியை வைத்திருக்கிறாய். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிடுகிறாள், தேநீரில் கடைசி வாயை மிச்சம் வைக்கிறாள். இரண்டும் உன் அறையில் நான் கண்ணால் பார்த்தவை. அம்மாவின் கடிதங்களைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போடுகிறாள். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டுப் படியிறங்கித் தண்ணீரை நோக்கிப் போகிறாள். அதற்குமேல் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. தளபதி ஜெயிக்கிறார்.

உன் அண்ணனிடம் காட்டினேன். 'அது கதைம்மா, அவ கேம்ல வர்ற ஆளா இருப்பா' என்றான். அதைக் கேட்கத்தான் கடைக்குப் போனேன். வழுக்கைத் தலைக் கடைக்காரர் நல்ல மனிதர், ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, திரையில் துறைமுகம் முழுவதையும் சுற்றிக் காட்டினார். விளக்கு இருக்கிறது. 'ஆனா அங்க ஆளே கிடையாதும்மா, அது தானா எரியும்' என்றார். அப்படியென்றால் அவள் உன்னுடையவள். அவளைக் காப்பாற்றச் சொல்லிக் கம்பெனி உன்னைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பழக்கம் விடவில்லை, சிவப்புப் பேனாவோடுதான் படித்தேன். சண்டை அத்தியாயங்களில் வழக்கமான அவசரம், பத்தொன்பது பிழைகள். விளக்குக்காரி வரும் ஐந்து அத்தியாயங்களில் ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை. உனக்குப் பென்சில் என்று செல்லப்பேர் வைத்த நாளிலிருந்து உன் எழுத்தைத் திருத்துகிறவள் நான். மனதில் வைத்துப் புழுங்கியதை மட்டும்தான் நீ பிழையில்லாமல் எழுதுவாய். அப்பா போனபோது எனக்கு எழுதிய கடிதம் அப்படித்தான் இருந்தது. உன் முதல் நாவலை அறுபத்தொரு திருத்தங்களோடு திருப்பி அனுப்பினேன், நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வைக்கவில்லை. நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களைப் பாராட்டியதில்லை, அதுதான் ஒழுங்கு என்று இருந்துவிட்டேன். நன்றாக இருந்தது, பென்சில். மூன்றுமே நன்றாக இருந்தன. ஐந்து வாரமாக உன்னிடமிருந்து அலைபேசியில் 'நல்லா இருக்கேன்மா' என்று மட்டும் வருகிறது. கூப்பிட்டால் எடுப்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால்தான் இதை உறையில் போடவில்லை. நீ பிரிக்கவேண்டிய அவசியமே இல்லாதபடி ஐந்து தபால் அட்டைகளில் எழுதி எண் போட்டு அனுப்புகிறேன். வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை. உன் அண்ணனும் நானும் பயணச்சீட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். வரட்டுமா என்று கேட்கவில்லை, வருகிறோம். அதுவரை ஜன்னல் கம்பளியை எடுத்துவிடு, தேநீரை முழுதும் குடி, யாராவது ஒரு சிநேகிதியைப் பக்கத்தில் வைத்துக்கொள். கடவுள் உன் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும்.

உன் அம்மா

இந்த அட்டை கைக்கு வந்த அன்றே பதில் எழுது. தட்டச்சு வேண்டாம், உன் கையால், எத்தனை பிழையோடு வேண்டுமானாலும் எழுது.